அடுப்படியில் அவர் என்ன பேசுகிறார்?

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர்மேல் எனக்கு ஆசை வந்ததோ இல்லையோ, சந்தேகம் வந்துவிட்டது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போவார். கெட்டிலில் தண்ணீர் வைப்பார். ஜன்னலோரம் கிடக்கும் மர முக்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுப்பார். தண்ணீர் கொதிக்கும்வரை அந்தப் பேச்சு நடக்கும். கொதித்ததும் எழுந்து தேநீர் போட்டு, என் தலைமாட்டில் ஒரு கோப்பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

அது ஜெபம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? ஆனால் அப்படியொரு ஜெபத்தை நான் அதுவரை கண்டதில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஜெபம் என்றால் தெருமுனைவரை கேட்கும்.

என் அப்பா பெயர்பெற்ற பிரசங்கியார். ஜனங்கள் அவரை 'முழக்க ஐயா' என்பார்கள். அவர் மைதானத்தில் பேச எழுந்தால் ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் குறைத்து வைப்பார். அன்பைப் பற்றிப் பேசும்போது அழுவார். கூட்டமும் சேர்ந்து அழும். அப்புறம் வீட்டுக்கு வருவார். சட்டைக்காலர் சரியாக இஸ்திரி ஆகவில்லை என்று அம்மாவிடம் இரண்டு நாள் பேசமாட்டார். அவர் பிரசங்கம் தயாரிக்கும்போது வீட்டில் கரண்டி விழக்கூடாது. பள்ளிக்கூட மேடையில் நான் பாடிய நாளில் எல்லார் அப்பாவும் வந்திருந்தார்கள். என் அப்பா எங்கோ ஓர் ஊரில் தகப்பனின் கடமையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். எனவே ஜெபம் என்றாலே எனக்கு ஒரு ஒதுக்கம். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போவேன், வாய் அசையும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பார்த்தது அம்மா. அப்பா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பெண் பார்க்க வந்தவர் வந்ததிலிருந்து போகும்வரை மொத்தமாக நாலு வார்த்தை பேசினார். சித்தி என் காதில், "ஏண்டி, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டாள். நான் அம்மாவிடம் போய் முறையிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அப்பா மாதிரி பேசத் தெரியாது. அதுதான் எனக்குப் பிடிச்சுது."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்குகிறவர்களை ஏற்றி இறக்குவது அவருடைய கைதான். ஆனால் லிஃப்ட் ஓடுகிறவரைக்கும் அவரை யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் எல்லாருக்கும் தெரியும், அதுவும் திட்டுவதற்கு.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்னங்க, காலையில அங்க உட்கார்ந்து என்னதான் பேசுறீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"அன்னைக்கு என்ன இருக்கோ, அதைச் சொல்லுவேன்."

இது பதிலா? மறுநாள் கதவிடுக்கில் காதை வைத்தேன். கெட்டில் இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் கேட்டது. "…அஞ்சாவது மாடி அக்காவுக்கு அந்த முட்டிவலி… பிரேக் லைனிங் இன்னைக்காவது வந்து சேரணும்… நேத்து சூப்பர்வைசர்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டேன், தப்புதான்…"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு படுக்கைக்கு ஓடினேன். என் அப்பா கடவுளை வானத்தைப் பிளந்து இறங்கிவரச் சொல்வார். இந்த மனுஷன் அவரைப் பிரேக் லைனிங் வாங்கக் கடைக்கு அனுப்புகிறார்!

சிரித்தேனே தவிர சந்தேகம் தீரவில்லை. மேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருக்கும், அதைத் தாண்டியதும் ஆள் மாறிவிடுவார் என்பது நான் பார்த்துப் பழகிய சங்கதி. இவருடைய வாசற்படி எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடித்தே தீர்வது என்று இருந்தேன். ஏதாவது ஓரிடத்தில் வேஷம் கலையும்தானே?

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் எனக்கு விடுமுறை. அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வேலை செய்யும் கட்டடம் அடுக்கடுக்காக உயர்ந்து நின்றது. காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேலதான் இருக்காரு. ஆனா லிஃப்டை நிறுத்திட்டாரும்மா. படியிலதான் போகணும்."

மூச்சு வாங்க ஏறினேன். பாதியில் ஒரு வயதான பெண்மணி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். நான் லிஃப்டைத் திட்டிக்கொண்டே வருவதைக் கேட்டு, "அந்தத் தம்பியைத் திட்டாதீங்க. நிறுத்துறதுக்கு முன்னாடியே எல்லார் கதவையும் தட்டி, கீழ போற வேலை இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்கன்னு சொன்னாரு" என்றார். அந்தத் தம்பி யார் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மொட்டைமாடிக்கு மேலே ஒரு சின்ன அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எண்ணெய் வாசனை, மோட்டாரின் சூடு. அவர் இரும்புக் கயிற்றை ஒரு துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, கயிறு முழுக்கத் துணிக்குள் நழுவிப் போக விட்டுக்கொண்டிருந்தார். கயிற்றில் ஒரே ஒரு கம்பி இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும், அப்படித்தான் சோதிப்பார்களாம். நான் மூச்சுக் காட்டாமல் நின்று பார்த்தேன். யாரும் இல்லாத இடம். பாதியில் விட்டுவிட்டுப் பீடி பிடித்தாலும் கேட்பாரில்லை. அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு ஏதோ ஓரிடத்தில் சந்தேகம் வந்ததுபோல் முகத்தைச் சுளித்து, திரும்ப ஓட்டி, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருதான் பார்க்கப்போறா? ஒரு தடவை பார்த்தா போதாதா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஏறுறவங்க யாரும் கயித்தைப் பார்க்க மாட்டாங்களே" என்றார். "அப்ப நான்தானே பார்க்கணும்?"

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படிக்க வெளியூர் போனாள். நான் தேடிய வாசற்படி மட்டும் அகப்படவே இல்லை. அவர் புனிதரும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவார். குறட்டை விடுவார். கோபம் வந்தால் கத்தமாட்டார். சுவரைப் போல் ஆகிவிடுவார், அது கத்துவதைவிட மோசம். ஆனால் மறுநாள் காலை முக்காலியில் அதையும் சொல்வார் என்று எனக்குத் தெரியும். கோயிலில் ஒருமுறை, கடவுள் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லும்படி அவரை எழுப்பினார்கள். எழுந்து, "எல்லாம் நல்லா இருக்கு. நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த வரிக்காக வெகுநேரம் காத்திருந்தார்கள்.

அம்மா இறந்தாள். அப்பா அதன் பிறகும் ஊர் ஊராகப் போனார். பிறகு ஒருநாள் மேடையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அந்தக் குரல்!

முதலில் ஆஸ்பத்திரி வராந்தா கொள்ளாத கூட்டம். பூங்கொத்துகள் வைக்க இடமில்லை. கொஞ்ச நாளில் கூட்டம் மெலிந்தது. அப்புறம் நலம் விசாரிக்கும் போன்கள். அப்புறம் அதுவும் இல்லை. தூரத்து நகரத்தில் இருக்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நல்ல பராமரிப்பு இல்லமா பார்த்துச் சேர்த்துடலாம், பாப்பா. செலவை நான் பார்த்துக்கறேன்" என்றான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மகள் ரூம் காலியாத்தானே இருக்கு" என்றார். "கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டா மாமாவுக்கு வெளிச்சம் வரும்."

"யாரு அவரை இங்க கூப்பிட்டா?"

"நான் யோசிச்சேன்…"

"நீங்க யோசிக்காதீங்க! அவர் என்னைத் தூக்கினதே இல்லை தெரியுமா? ஒரு நாள்கூட. நான் எதுக்கு அவரைத் தூக்கணும்?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். பிறகு மெதுவாக, "நீ தூக்க வேண்டாம். நான் தூக்குறேன்" என்றார்.

தூக்கினார். காலையில் எனக்குத் தேநீர் வைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தோடு அந்த அறைக்குள் போவார். உடம்பைத் துடைத்து, சவரம் செய்து, விரிப்பை மாற்றி, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். நான் கடைக்குப் போகிற நேரத்துக்கு ஒரு செவிலிப் பெண் வருவாள். மாலையில் மறுபடி இவர். என் பங்கு மருந்து, சமையல். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அங்கே நிற்கமாட்டேன்.

அப்பா லேசில் படியவில்லை. ஒரு காலத்தில் அவர் காரிலிருந்து இறங்கினால் கதவைத் திறக்க ஆட்கள் போட்டியிடுவார்கள். இப்போது ஒரு லிஃப்ட் மெக்கானிக் அவருடைய துணியை அவிழ்க்கிறார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் இடக்கையால் பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். இவர் சட்டை முழுக்கப் பால். வேலைக்குக் கிளம்ப உடுத்தியிருந்த சட்டை. சமையலறையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் குரல் கேட்டது: "நல்ல வேளை மாமா. இந்தச் சட்டை எனக்கே பிடிக்கலை."

காலையில் நேரம் இறுகியதால் முக்காலியும் அந்த அறைக்குக் குடிபோயிற்று. சவரம் செய்துகொண்டே, ஊட்டிக்கொண்டே முணுமுணுப்பார். என் பழைய குறுகுறுப்பு மறுபடி எட்டிப்பார்த்தது. ஆயிரம்பேருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் முன்னால் இவர் என்ன சொல்வார்? அதைக் கேட்டுக்கொண்டு அவர் எப்படிப் படுத்திருப்பார்? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் திரும்பவும் கதவருகே போய் நின்றேன்.

"…மாமா நேத்து வெளிக்குப் போகலை, இன்னைக்குப் போகணும். முதுகுல அந்தச் சிவப்பு ஆறணும். மார்க்கெட் பக்கத்துக் கட்டடத்துல கதவு மறுபடி மாட்டுது, என்னன்னே புரியலை. அவளுக்குக் கடையில நின்னு நின்னு கால் வலிக்குது. சொல்ல மாட்டா…"

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். அந்த வலியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அப்போது உள்ளே ஒரு விநோதமான சத்தம். பதறி எட்டிப் பார்த்தேன். அப்பாவின் தோள் குலுங்கியது. பாதி வாய்தான் அசைந்தது, ஆனால் சிரிப்பு. மாமா வெளிக்குப் போக வேண்டும் என்று கடவுளிடம் விண்ணப்பம் வைக்கிறவரைப் பார்த்து முழக்க ஐயா சிரிக்கிறார். இவரும் கையில் சவரக்கத்தியோடு சிரிக்கிறார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அதன் பிறகு மாலையில் பூட்டில் இவருடைய சாவி திரும்பும் ஓசை கேட்டால் அப்பாவின் இடக்கை தானாக உயரும்.

ஒருநாள் இரவு உணவின்போது கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க இது? அவர் உங்களை ஒரு நாளாவது மதிச்சிருக்காரா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "தெரியலை. காலையில எழுந்து பார்த்தா மாமா இருக்கார். அழுக்கா இருக்கார். குளிப்பாட்டணும்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

நான் இன்னும் துருவினேன். ஏதாவது நேர்த்திக்கடனா, என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கா, பரலோகத்தில் இடம் பிடிக்கிற யோசனையா? அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். கடைசியில் ஊறுகாயை நகர்த்தச் சொன்னார். தோண்டத் தோண்ட அதே மண்தான் வந்தது.

பிறகு இவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தொற்றிக்கொள்ளும் வகை, பெரியவர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செவிலிப் பெண்ணுக்கும் அதே காய்ச்சல். மிச்சம் இருந்தது நான்.

வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே போனேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அவருக்குக் காய்ச்சல்ப்பா. நான்தான்" என்றேன். நாங்கள் இருவர் மட்டும் ஓர் அறையில் இருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவர் முகத்தை நான் தொட்டதே இல்லை. சோப்பு நுரையைப் பூசியபோதுதான் என் தாடை அவருடைய தாடை என்று விரலுக்குத் தெரிந்தது. கத்தி சறுக்கி, கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. ரத்தம் துளிர்த்தது. திட்டு விழப்போகிறது என்று பழைய பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

எல்லாம் முடித்துப் பாத்திரத்தைத் தூக்கினேன். இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பார்வை முக்காலிமேல் இருந்தது. எனக்குப் புரிந்தது.

"எனக்கு வராதுப்பா."

பிடி தளரவில்லை. உட்கார்ந்தேன். என்ன சொல்வது? தெரிந்த பெரிய வார்த்தைகள் எல்லாம் அவருடையவை. அவற்றை அவர் முன்னாலேயே எடுத்து விரிக்க வாய் வரவில்லை. இருப்பதைச் சொன்னேன். "அவருக்குக் காய்ச்சல் விடணும். இவருக்குக் கன்னத்துல வெட்டிட்டேன், அது ஆறணும். எனக்கு…" என்று நிறுத்தினேன். "எனக்கு இவர்மேல கோபம் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. அதை என்ன பண்றதுன்னு தெரியலை."

அதற்குமேல் வரவில்லை. அப்பாவின் தொண்டையிலிருந்து ஏதோ புறப்பட்டு, பாதி உதட்டில் சிக்கித் திணறி வெளியே வந்தது: "அ… ம…" கண்ணில் நீர். அது நோயாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

'ஆமென்' என்றாரா? இல்லை, 'அம்மா' என்று என்னைக் கூப்பிட்டாரா? ஊரில் எல்லா அப்பாக்களும் மகள்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அப்பா கூப்பிட்டதில்லை. படுக்கையறை வாசலில் நின்றபடியே, காய்ச்சலில் படுத்திருந்த இவரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன்: "எதுவா இருக்கும்?"

போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நாளைக்கும் சொல்லுவார், கேட்டுப் பாரு" என்றார்.

அன்றோடு கோபம் போய்விட்டது என்றால் அது பொய். மறுநாளும் இருந்தது, மறுநாளும் உட்கார்ந்தேன். இவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் மாலை வேளையை நான் விடவில்லை. அந்தச் சொல்லை ஒவ்வொரு நாளும் கூர்ந்து கேட்டேன். சில நாள் அது ஆமென். சில நாள் சத்தியமாக அம்மா. பல நாள் எதுவும் விளங்கவில்லை. கோபம் எந்த நாளில் கரைந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருநாள் தேடிப் பார்த்தேன், இல்லை.

அப்பா ஒரு காலைநேரத்தில் போனார். சவரம் நடந்துகொண்டிருந்தபோது. இவர் வந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன்; முகம் முழுக்க வழவழப்பாக, நுரை துடைக்கப்பட்டு, தலை சீவப்பட்டிருந்தது.

"ஒரு பக்கம்தான் முடிஞ்சிருந்துது" என்றார் இவர். "பாதியில விட மனசு வரலை. மீதியையும் முடிச்சிட்டுத்தான் கூப்பிட்டேன்."

அடக்கத்துக்குப் பழைய கூட்டம் திரும்பி வந்தது. நிறையப் பேர் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். அவர்கள் சொன்ன மனிதரும் என் அப்பாதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து ஓர் இளம் பிரசங்கியார் வீட்டுக்கு வந்தார். நினைவு மலர் போடுகிறார்களாம்.

"அக்கா, ஐயாவோட கடைசி நாட்கள்ல ஏதாவது தரிசனம், வெளிப்பாடு…?"

"அப்படி ஒண்ணும் இல்ல, தம்பி."

"கூட யார் இருந்தாங்க?"

நான் இவரைக் கைகாட்டினேன். இவர் தட்டில் தேநீரோடு வந்துகொண்டிருந்தார். இளம் பிரசங்கியார் எழுந்து, மரியாதையாக, "அண்ணே, ஐயாவைப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணும்" என்றார்.

இவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, வழக்கம்போலத் தரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். வந்தவர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். ஒப்புக்கொள்கிறேன், நானும் சாய்ந்தேன்.

"மாமாவுக்குத் தண்ணி கொஞ்சம் சூடாவே இருக்கணும்" என்றார். "எல்லாரும் வெதுவெதுன்னு வைப்பாங்க. அவருக்கு அது பத்தாது."

அடுத்த வரிக்காக அந்தப் பிள்ளை காத்திருந்தார். வரவில்லை. தேநீரைக் குடித்து, நன்றி சொல்லி, இன்னும் பல வீடுகளுக்குப் போகவேண்டும் என்று கிளம்பினார். இவர் அவரோடு படி இறங்கி, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, கோப்பைகளை எடுத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "நீ இன்னும் சாப்பிடலைதானே?"